பிரேக்கம்மா கத்தி பிடித்தாள்

அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வரக் காரணம் அவளுடைய கொழுந்தன். தன் வாயால் அவன் வைக்கவில்லை. ஒரு வீடியோ போட்டான், ஊர் வைத்துவிட்டது.

மாமனார் ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் அது. அவருக்கு முழங்கால் மடங்காமல் போனதும் பயிற்சி வேலை மூத்த மருமகளுக்கும் இளைய மகனுக்குமாகப் பிரிந்தது. மூத்த மகனுக்கு வண்டி என்றாலே ஆகாது. அவன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் "மேடமே சொல்லிக் குடுக்கட்டும்" என்றார்கள். கொழுந்தனுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, அவன் தன் செல்போனை டிவியோடு இணைத்தான்.

"அண்ணி, உங்கள ஸ்டாராக்கிட்டேன். பாருங்க."

பயிற்சி வண்டிக் கேமராவில் பதிவானது. திரை முழுக்க அவள் முகம். "பிரேக்! பிரேக்!" என்று கத்துகிறாள். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கண்ணைப் பெரிதாக்கி, இடையிடையே சேவல் கூவுகிற சத்தம் சேர்த்திருந்தான். கடைசியில் வண்டி ஒரு மதில் சுவரில் போய் டமாலென்று மோதியது.

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கணவன் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி எப்ப இடிச்சுது? எனக்கு யாரும் சொல்லலையே?"

"பழசுப்பா. அண்ணி சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. நான்தான் சத்தமில்லாம சரி பண்ணிட்டு வந்தேன்."

"நான் எங்கடா இடிச்சேன்?" என்று எழுந்துவிட்டாள் அவள்.

"கேமரா பொய் சொல்லுமா அண்ணி?"

அதற்கும் ஒரு சிரிப்பு. அந்த வீடியோ ஸ்கூலின் இணையப் பக்கத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தது. சில நாளில் அது ஊர் முழுக்கச் சுற்றியது. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் தலையை நீட்டி "பிரேக்!" என்பான். காய்கறிக் கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டே "பிரேக்கம்மா, பாத்து" என்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழுந்தன் வண்டிக்கு மாறினார்கள்.

"விளையாட்டுக்குச் செஞ்சான். விட்டுத் தொலையேன்" என்றான் கணவன்.

"விளையாடுனது அவன், அடி வாங்குனது நான். எப்ப விடணும்னு நான் சொல்றேன்."

அவள் விடவில்லை. ஆள் வராமல் நிறுத்திவைத்த பயிற்சி வண்டியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தாள். புண்ணை நகத்தால் கிளறுகிற மாதிரிதான். ஆனால் கிளறியதில் ஒன்று தட்டுப்பட்டது. அவள் கத்துகிற இடத்தில் ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். சுவரில் மோதுகிற இடத்தில் முன்கண்ணாடியில் மழைத்துளி, வைப்பர் ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு நாள். படுபாவி ஒட்டவைத்திருக்கிறான்!

ஒட்டினதைப் பிரிக்க வேண்டும் என்ற வெறியோடு துணிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்தாள். அங்கே எடிட்டிங் சொல்லிக்கொடுத்தவள் கிராப் வெட்டிய சின்னப் பெண்.

"எதுக்குக்கா கத்துக்கறீங்க? சேனல் ஆரம்பிக்கவா?"

"ஒருத்தன வெட்டணும்."

அந்தப் பெண்ணின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

"வீடியோவுலதாம்மா" என்றாள் இவள்.

முதல் பாடத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. கிளட்ச்சும் கியரும் தூக்கத்தில்கூடக் கைக்கு வரும். மவுஸ் என்னவோ சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரையின் அடிப்பக்கம் நீளமாக ஒரு பட்டை. அதற்கு டைம்லைன் என்று பெயர். வீடியோவை இழுத்து அதில் போட வேண்டும். மேல் வரிசையில் படம், கீழ் வரிசையில் சத்தம். ஒரு சிவப்புக் கோடு அதன்மேல் ஊர்ந்து போகும். கோடு நிற்கிற இடம்தான் திரையில் தெரியும். வெட்டுவதற்குக் கத்திப் படம் போட்ட ஒரு பொத்தான். அதை எடுத்துக் கொழுந்தனின் வீடியோவைக் குறுக்கே வெட்டினாள். வெட்டிய துண்டு தெரியாமல் அழிந்துபோக, பதறிவிட்டாள்.

"ஐயையோ, அசலே போயிடுச்சா?"

"போகாதுக்கா. இங்க நீங்க எப்படி வெட்டினாலும் அசல் ஃபைலு அது இருக்கற எடத்துல அப்படியேதான் இருக்கும்."

அவள் சொன்னது எடிட்டிங்கின் அரிச்சுவடி. இவளுக்கோ மண்டைக்குள் விளக்கெரிந்தது. அப்படியென்றால் கொழுந்தன் வெட்டியதற்கும் அசல் இருக்குமே! ஏதாவது தகராறு வந்தால் உதவும் என்று, வண்டிக் கேமராப் பதிவுகள் எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கச் சொல்லியிருந்தார் மாமனார். அவன் அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டானே தவிர, மிச்சத்தை அழிக்கத் தோன்றவில்லை. அண்ணியாவது, கம்ப்யூட்டரைத் தொடுவதாவது என்ற இளக்காரம்.

மழை பெய்த நாள்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாள். கிடைத்துவிட்டது. அந்தக் கேமராவுக்கு இரண்டு கண். ஒன்று சாலையைப் பார்க்கும், இன்னொன்று வண்டிக்குள்ளே பார்க்கும். மோதலுக்குக் கொழுந்தன் எடுத்தது சாலையைப் பார்த்த கண். இவள் உள்ளே பார்த்த கண்ணைத் திறந்தாள்.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள். மருந்துக்கடை நடத்துகிறவர். பக்கத்தில் கொழுந்தன், சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஆனால் கால்தான் கீழேயே இல்லை. "சார், இப்ப திருப்பவா? சார்?" என்று அந்த அம்மாள் கேட்கிறார். பதில் இல்லை. "சார்!" டமால். போனை மடியில் போட்டுவிட்டு அவன் பாய்கிறான்: "கண்ணு எங்கம்மா இருக்கு? உங்களுக்கெல்லாம் எதுக்கு வண்டி?" அந்த அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார்.

அதற்குப் பிறகு அவர் ஸ்கூல் பக்கமே வரவில்லை. ஏன் என்று அப்போது இவள் விசாரித்ததற்கு "அவங்களுக்கு வராது அண்ணி" என்று சொல்லியிருந்தான்.

இவள் பென்டிரைவில் பதிவை அள்ளிக்கொண்டு துணிக்கடை மாடிக்கு ஓடினாள். ஒரு நாள் ஆசையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. செய்துவைத்த வேலை ஒன்றும் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பென்டிரைவ வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்கக்கா. அசல் அதுலல்ல இருக்கு" என்றாள். அப்புறம் பென்டிரைவ் சாவிக்கொத்திலேயே தொங்கியது.

முதலில் அவள் செய்தது அவன் பாணியிலேயே இருந்தது. அவன் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நடுவே கழுதை கத்துகிற சத்தம் சேர்த்து, அவன் காதை இழுத்து நீட்டினாள். ஆசை தீரச் சிரித்தாள். வீடியோ வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்குச் சிரிப்பே வந்தது.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு, "அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா பாக்கறவங்க கழுதையத்தான் பாப்பாங்க. அவரு தப்பிச்சுடுவாரு" என்றாள்.

தப்பிச்சுடுவாரு என்ற சொல் சுருக்கென்று தைத்தது. கழுதையைத் தூக்கினாள். நீட்டிய காதைத் திரும்ப ஒட்டினாள். பாட்டு, எழுத்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். இரண்டு கண்ணும் பார்த்ததைத் திரையில் பக்கம் பக்கமாக வைக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. ஒரு பக்கம் மோதிய பிறகு மறுபக்கம் குலுங்கியது. சத்தத்தின் வரிசையில், மோதுகிற இடத்தில் அலை ஈட்டி மாதிரி எழும்பியிருக்கும். இந்த ஈட்டியையும் அந்த ஈட்டியையும் நேருக்கு நேர் நிறுத்தினாள். பொருந்தியது. அவன் சிரிக்கிற அதே நொடியில் சுவர் பக்கத்தில் வந்தது.

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டுக்கு மருந்துக்கடை அம்மாளை அழைத்திருந்தாள்.

"அத்தை, இவங்க நம்ம ஸ்கூல்ல கொஞ்ச நாள் கத்துக்கிட்டவங்க."

"வாங்க, வாங்க" என்றாள் மாமியார். கொழுந்தன் மென்றுகொண்டிருந்த சோற்றை விழுங்க மறந்தான்.

சாப்பாடு முடிந்ததும் இவள் டிவியில் பென்டிரைவைச் செருகினாள். முதலில் அவன் போட்ட வீடியோ. சேவல் கூவியது, மாமியார் சிரிக்க ஆயத்தமானாள். சுவரில் மோதியதும் படம் நின்றது. அடுத்து வெயிலும் மழையும் பக்கம் பக்கமாக நின்றன. அப்புறம் இரண்டு கண்ணும் பார்த்தவை ஓடின. அந்த அம்மாளின் அழுகை டிவியில் கேட்டபோது, நிஜத்தில் அவர் அழவில்லை. கொழுந்தனையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளும் என் தப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மாமனார் கையை நீட்டினார். "வண்டிச் சாவியக் குடு."

"அப்பா, அது சும்மா…"

"குடுடா."

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. இவளுக்கு வயிறு குளிர்ந்தது; அதை மறைக்கவும் இல்லை. இவள் கை கழுவுகிற இடத்துக்குப் போக, அவன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, கால்ல வேணாலும் விழறேன். ஸ்கூல் பேஜ்ல மட்டும் போட்டுடாதீங்க."

"சாப்பிட உக்காரும்போதே போட்டுட்டேன்."

துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவன் இப்போது வேறு ஊரில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அவனோடு கிளம்பிய அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி, போகும்போது இவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் இவள் மனம் விட்டுப் பேச இருந்தவள் அவள் ஒருத்திதான்; அந்த இடம் காலியாகவே இருக்கிறது. கணவன் வெகுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள், "நான் அன்னிக்குச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். "ஆமா" என்றாள் இவள். மருந்துக்கடை அம்மாள் மறுபடி வந்து சேர்ந்து, வண்டியை ரிவர்ஸில் எடுக்கத் திணறிக்கொண்டிருக்கிறார். பிரேக்கம்மா என்ற பெயர் போகவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

மாமியார் ஒரு நாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த வீடியோவ எடுத்துடேம்மா. ஊரே பாத்தாச்சு. அவனுக்கும் புத்தி வந்தாச்சு."

இவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாக்காதவங்க யாராவது இருப்பாங்க அத்தை" என்றாள்.