மூன்று பிளவு விட்ட இலை

கீழ்வீட்டு அம்மாளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஹைதராபாத் மாதாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பம் இரண்டே இரண்டு. நான் மதுரை, அவள் நாகர்கோவில். என் பால்கனியில் காயும் துணி தன் தலையில் சொட்டுகிறது என்று மூன்று வருஷமாகப் புகார். காயப்போட்ட துணி சொட்டாமல் பாட்டா பாடும்?

மதிலோரம் இருந்த மண்ணில் சிமெண்ட் போட்டு, ஸ்கூட்டர் நிறுத்த இடம் பண்ணலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. முதலில் கை தூக்கியவள் நான். என் ஸ்கூட்டர் தெருவெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் முடியாதென்று நின்றாள். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று வைத்திருந்தாள்.

"சக்கையாக்கும் அது. இந்த ஒரு பிடி மண்ணுக்காகத்தானே நாங்க கீழ்வீடு வாங்கினோம்" என்றாள். அவர்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்று பெயர்.

பழமரம் என்றால் விட்டுவிடலாம், காட்டுச்செடி என்றால் பிடுங்கிவிடலாம் என்று முடிவானது. நீங்களே சொல்லுங்கள் என்று செயலாளர் தெலுங்கில் என்னைக் கேட்டார். "மேடம், மீரே செப்பண்டி. பாட்டனி டீச்சர் கதா?" அமீர்பேட்டில் நீட் மாணவர்களுக்குத் தாவரவியல் எடுக்கிறவள் நான். வேறு யாரைக் கேட்பார்?

குனிந்து பார்த்தேன். இலை மூன்றாகப் பிளந்திருந்தது. தடவினால் சொரசொரப்பு. ஒன்றைக் கிள்ளினேன், பால் வந்தது. பலா இலை முழுசாக, வழவழவென்றுதானே இருக்கும்?

"பேயத்தி. காக்கா எச்சத்துல முளைச்சிருக்கும். விட்டா மதிலைப் பிளந்துடும்" என்றேன். சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

காவலாளி பிடுங்கினார். அந்தம்மாள் கன்றை வாங்கி, வேர்மண்ணை விரலால் உதிர்த்தாள். தண்டின் அடியில் பாதி மக்கிய ஒரு கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பலாக்கொட்டை.

அத்தியும் பலாவும் முசுக்கட்டையும் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் பால் வரும். பலாக் கன்றின் இலை சிலசமயம் பிளந்து வரும், மரமானதும் முழு இலையாகிவிடும். பேயத்தியில் இலைகள் எதிரெதிரே நிற்கும், பலாவில் மாறிமாறி. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறேன். அன்று இலை நின்ற வரிசையைக்கூட நான் பார்க்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா?

"டீச்சரே, இது என்ன கொட்டை? நீங்களே சொல்லுங்க" என்று கையை நீட்டினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போதே குழி தோண்டித் திரும்ப நட்டிருக்கலாம். வேர் ஈரமாகத்தான் இருந்தது.

"மண்ணுல ஆயிரம் கொட்டை கிடக்கும்" என்றேன்.

அந்த வாரமே சிமெண்ட் போட்டார்கள். வெயில் படாத நல்ல இடம். என் ஸ்கூட்டர் அங்கேதான் நிற்கிறது. இப்போதெல்லாம் துணி சொட்டினாலும் அவள் ஒன்றும் கேட்பதில்லை.