அக்கரைச் சோதினைக்கு மலர் டீச்சர்

மட்டக்களப்பில் இறங்கியபோது காலை ஆறரை. கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் முதுகை ஒடித்துக்கொண்டு வந்த எரிச்சல் எனக்கு. போதாததற்கு மழை. மதுரையில் மழை என்றால் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே மூன்று நாளாக விடவில்லையாம்.

"டிசம்பர்ல வா எண்டு ஆர் மச்சான் சொன்ன?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டோவோடு நின்றான் தவம். தோஹாவில் என்னோடு ஒரே அறையில் கிடந்த நண்பன். யுத்தம் ஓய்ந்து இரண்டரை வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு வா, வா என்று நச்சரிக்க ஆரம்பித்திருந்தான்.

காத்தான்குடியில் நிறுத்தி பதினைந்து ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ குடித்தோம். இஞ்சி தூக்கலாக இருந்தது, உயிர் வந்தது. அங்கிருந்து ஆரையம்பதி, அப்புறம் மண்முனைத் துறை. டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் நின்றது சூரியன் எழும் கரை, எழுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம் சூரியன் விழும் கரை, படுவான்கரை. கடக்கப் பாலம் கிடையாது. மோட்டார் பூட்டிய மிதவை ஒன்றுதான் உண்டு, அதைப் 'பாதை' என்கிறார்கள். அதன்மேல் எங்கள் ஓட்டோ, ஐந்தாறு மோட்டார் சைக்கிள், நெல் மூட்டைகள், ஒரு பசுமாடு. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஓட்டோவின் கம்பியைப் பிடித்த கையை அக்கரை வரும்வரை எடுக்கவில்லை. மாடு என்னைவிடத் தைரியமாக நின்றது.

"பள்ளிக்கூட நாளில வந்திருக்கணும் நீ. இதுல முழுக்க சேர்மாரும் டீச்சர்மாரும்தான். சண்டைக் காலத்துல செக்பொயின்ட்ல மணிக்கணக்கா நிண்டுதான் வருவாங்க. சில காலம் வரவே ஏலாது," என்றான் தவம்.

ஒன்பது மணிக்கு அவன் வீட்டில் இருந்தோம். முற்றத்தில் தகரக் கொட்டகை. உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு கரும்பலகை. தவத்தின் தங்கை மலர் அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை என்று தெரியும். வகுப்பு நடக்கிறதாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். நடக்கத்தான் நடந்தது. ஆனால் சாக்கட்டி வைத்திருந்தது பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. மலர் டீச்சர் முன் பெஞ்சில் அமர்ந்து முழித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எக்ஸ இந்தப் பக்கம் கொண்டுவந்தா சைன் மாறும். எத்தின தரம் சொல்ற?" என்று அதட்டினாள் அந்தப் பெண். பெயர் வினோதினி.

"மாறும் மாறும். நீ கத்தாதகா, எனக்கு உள்ளதும் மறந்துபோகுது," என்றார் டீச்சர்.

அடேயப்பா, இதென்ன கூத்து என்று தவத்தைப் பார்த்தேன். கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னான்.

சுனாமி வரும்வரை மலர் கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தவர். அந்த ஒரு காலையில் வீடும் போயிற்று, கணவரும் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்தார். இங்கே பள்ளிக்கூடம் இருந்தது, வந்து சேரத்தான் ஆசிரியர்கள் இல்லை. சும்மா திரிந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். சம்பளம் இல்லை, தொண்டர் ஆசிரியை என்ற பெயர் மட்டும். பிறகு ஷெல் விழுந்து ஊரே வாவியைக் கடந்து ஓடியது. அகதி முகாமின் கூடாரத்திலும் வகுப்பு நடந்தது. அவர் தொடங்கிய வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள்தான், நம்மூர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரத்தில், நாளை கணிதப் பரீட்சை எழுதப்போகிறார்கள்.

"மலரும் எழுதுறா," என்றான் தவம். "இவள் பத்தாம் வகுப்புப் படிக்கக்குள்ள பள்ளிக்கூடத்த ஆமி எடுத்திட்டான். மத்தப் பாடமெல்லாம் மறுகா எழுதிப் பாஸ். கணிதம் ஒண்டுதான் மிச்சம். அது இல்லாம நிரந்தர நியமனம் குடுக்க மாட்டாங்களாம். வயசெல்லையும் இந்த வருசத்தோட சரி. வேற ஆள வகுப்புக்குப் போட்டா இவள் வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

"போன வருடம் எழுதவில்லையா?"

"கேட் வரைக்கும் போனா. திரும்பி வந்திட்டா."

சாயங்காலம் புட்டும் வாவி இறால் குழம்பும் பரிமாறினார் மலர் டீச்சர். நான் மூன்றாம் முறை போட்டுக்கொண்டது வேறு கதை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், போன வருடம் ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன். தவம் முறைத்தான். அவர் கோபிக்கவில்லை.

"வெக்கம் அண்ணா. நான் கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்த புள்ளைகளோட ஒரே ஹோல்ல இருந்து, விடை தெரியாம நான் முகட்டப் பாக்க, அதுகள் என்னப் பாத்தா? பிறகு எந்த முகத்தோட வகுப்புக்குப் போற?"

இறாலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை வாவி பொங்கியிருந்தது. பரீட்சை நிலையம் எழுவான்கரையில். பிள்ளைகள் முதல் பாதையிலேயே போய்விட்டார்கள். டீச்சர் வேண்டுமென்றே பிந்தினார். எல்லோரும் குனிந்த தலையோடு இருக்கும்போது ஓசைப்படாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடலாம் என்று அவர் கணக்கு. பாதைக்காரர் நீரோட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு இவரைக் கண்டார்.

"சோதினைக்கா டீச்சர்? சுறுக்கா ஏறுங்க!"

நடு வாவியில் மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் வாய்விட்டே கத்திவிட்டேன். டீச்சருக்கு அது காதில் விழவே இல்லை. உதடுகள் ஏதோ சூத்திரத்தை முணுமுணுத்தபடி இருந்தன.

எட்டு நாற்பதுக்குப் பள்ளி வாசல், பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடம். கேட்டருகே அவர் நடை நின்றது. ஒரு கை கம்பியில். உள்ளே போய்விடுங்கள் தாயே, போய்விடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன், சத்தியமாக. அவர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார்.

இந்தப் பக்கத்து வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். வேலிக்கு வெளியே ரோட்டில் நின்று பார்த்தாலே எல்லாம் தெரியும். டீச்சர் வாசல்படியில் கால் வைத்தார். வினோதினி தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான், அவள் எழுந்தாள், அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

"வ-ண-க்-கம் டீச்சர்!"

பரீட்சை மண்டபம் என்பதையே மறந்துபோனார்கள். வருடக்கணக்கான பழக்கம். மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் மேலிடத்து ஆள் யாரோ வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். மேற்பார்வையாளர் பதறிப்போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மிஸ், இரிங்க. எந்த ஒபிஸில இருந்து?"

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். பார்வையில் படக்கூடாது என்று வந்தவரை நடுமண்டபத்தில் நிறுத்திவிட்டார்களே! டீச்சர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தவம் என் தோளை இறுக்கிப் பிடித்தான், வலித்தது.

"நான் சோதினை எழுத வந்த, சேர்," என்றார். ரோடு வரைக்கும் கேட்டது.

மேற்பார்வையாளர் இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்ப எடுத்து வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, எல்லாரும் இரிங்க," என்றார். அந்தப் பிள்ளைகள் அசையவில்லை. மறுபடியும் சொன்னார். சிரிப்பில்லை, குறும்பில்லை. டீச்சர் வகுப்புக்குள் வந்தால் டீச்சர் சொல்லித்தான் உட்கார வேண்டும். அவர்களுக்குக் கூடாரத்தில் பழக்கிய பாடம் அது.

மலர் டீச்சர் கடைசி வரிசைக்கு நடந்துபோய்த் தன் மேசையைக் கண்டுபிடித்தார். பேனாவை வைத்தார். நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார்.

"இரிங்க புள்ளைகள்," என்றார்.

உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்பதரைக்குக் கொழும்பு பஸ். மதுரையில் எங்கள் தெருவில் மட்டும் டியூஷன் சென்டர் நாலு இருக்கிறது, வாத்தியார் சரியில்லை என்று மாதம் ஒன்று மாற்றுகிறோம். தவம் ஓட்டோவைக் கிளப்பினான், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான். மழைக்குள்ளே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.