உடனே என்றால் அடுத்த பஸ்

கோகிலவாணி மலையை விட்டு இறங்கியது ஆடி மாதத்து இரண்டாவது புதன்கிழமை, காலை ஆறு மணி பஸ்ஸில். பஸ்ஸுக்குள் ஆட்களைவிடப் பலாப்பழங்கள் அதிகம். காலடியில் துணிப்பையும் மடியில் மாற்றல் உத்தரவுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். கணவன் பூபதி சன்னலுக்கு வெளியே நின்று, "ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தா ஊட்டுலயே இருந்திருக்கலாம்" என்றான். மிளகு விலை இறங்கிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னான், குறையாக அல்ல.

"போட்டிருந்தா நீங்க என்னோட பேசியிருப்பீங்களா?"

பூபதி கொஞ்சம் யோசித்தான். "பேசியிருப்பேன். சோறு கேக்கற அளவுக்கு" என்றான். பஸ் நகர்ந்துவிட்டது.

உத்தரவில் 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருந்தது. உண்மையான காரணம் ஒரே ஒரு சொல். 'மறுத்துவிட்டனர்' என்ற அந்தச் சொல்லுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். அவள் பிறந்தது ஆலத்தூர் நாட்டில். வாக்கப்பட்டது வளப்பூர் நாட்டில். நர்சிங் படிப்புக்கு நேர்காணல் போனபோது, மலையில் பிறந்த பிள்ளைக்கு ஊசியைக் கண்டால் பயமிருக்குமே என்று அங்கே ஒருவர் சிரித்தாராம். ஊசியைவிடப் பெரிய முள்ளெல்லாம் எங்கள் காலில் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று இவள் சொல்லிவிட்டு, இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். இடம் கிடைத்தது. பதினோரு வருடம் மலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தாள். அந்தப் பதினோரு வருடத்தில் யாருக்கும் பயந்து எதையும் எழுதியதில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை யோசிக்காமல் ஒரு சொல்லைச் சொன்னாள்.

அது பங்குனி மாதம். செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் வரும் நாள். அம்சவேணிக்கு இரண்டாவது பிள்ளை, எட்டாவது மாதம். பிபி பார்த்தால் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. டாக்டர் மணிவண்ணன், சமவெளியிலிருந்து வந்த இளம் டாக்டர், மாத்திரை கொடுத்துவிட்டு, 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்' என்று சீட்டு எழுதினார். சீட்டைக் கோகிலவாணிதான் அம்சவேணி கையில் கொடுத்தாள்.

"உடனே போயிரணும் அம்சா."

"சரிங்கக்கா."

வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். மத்தியானம் மூன்றுக்கு மேல்தான் டாக்டரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியை அவள் கூப்பிட்டிருப்பாள் என்று டாக்டர் நினைத்திருந்தார். டாக்டர் கூப்பிட்டிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அதைக்கூட இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை.

அம்சவேணி நான்கு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனாள். மூத்த பிள்ளையை மாமியாரிடம் விட்டாள். காட்டிலிருந்த புருஷன் சின்னுசாமிக்கு ஆள் அனுப்பினாள். மாற்றுத்துணி, பிளாஸ்க், ஆதார் அட்டை எல்லாம் பையில் வைத்தாள். அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் காலை ஐந்தரைக்கே இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். பஸ் வரப் பத்து நிமிடம் இருக்கையில் அவளுக்கு வலிப்பு வந்தது. யாரோ போன் போட்டு ஆம்புலன்ஸும் வந்தது. வளைவுகள் முடிந்து அடிவாரம் சேர்வதற்குள் தாயும் பிள்ளையும் இல்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். அந்த வருடம் அந்தச் சுகாதார நிலையம் தரச்சான்றுக்கு நின்றது. சுவருக்கு வெள்ளையடித்து, மூன்று நிறத்தில் குப்பைத்தொட்டி வைத்து, கை கழுவும் விதத்தை ஆறு படமாக ஒட்டி, வாசலில் பூச்செடி நட்டிருந்தார்கள். செடியை ஆடு தின்றதால் இரண்டாம் முறையும் நட்டிருந்தார்கள். விசாரணைப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. தவறு நிலையத்தில் நடந்ததா, வழியில் நடந்ததா, அல்லது குடும்பத்தார் மறுத்தார்களா. முதல் கட்டத்தில் குறி விழுந்தால் சான்று கிடையாது. மூன்றாவதில் விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 'உடனே செல்ல அறிவுறுத்தியும் குடும்பத்தார் மறுத்துவிட்டனர்' என்று எழுதியாயிற்று. டாக்டர் மணிவண்ணன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மூன்று நாள், அவள் இருந்த பக்கம் டீ குடிக்க வரவில்லை.

இறப்புச் சான்றிதழுக்கு வந்த சின்னுசாமி இதை வேறு யார் வாயிலோ கேட்டுவிட்டு அவளிடம் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"நாங்க எப்போங்க மாட்டேன்னு சொன்னோம்? உடனே போகச் சொன்னீங்க. பஸ்ஸுக்குத்தானுங்க நின்னோம்."

கோகிலவாணி மலையில் பிறந்தவள். 'உடனே' என்றால் இங்கே என்ன என்று அவளுக்குத் தெரியாதா? கடைசி பஸ் போன பிறகு 'உடனே' என்றால் நாளைக் காலை ஆறு மணி. அவள் மாமனாருக்கு நெஞ்சு வலித்தபோதுகூட அப்படித்தான் நடந்தது. சீருடை போட்டதும் அவளும் சமவெளிக்காரர்களின் 'உடனே'யைப் பேசப் பழகிவிட்டாள். டாக்டரைத் திட்டுவது சுலபம். சீட்டைக் கொடுத்த கை தன்னுடையது என்பதை அவளால் அந்தப் பக்கம் தள்ளிவைக்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் ரேஷன் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் செவ்வாய்க்கிழமை வரிசையிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். உடனே கீழே போகச் சொன்னால் எப்போது போவீர்கள்? நாற்பத்து மூன்று பேரைக் கேட்டாள். முப்பத்தொரு பேர் 'அடுத்த பஸ்ஸுக்கு' என்றார்கள். ராசு என்ற கிழவர் மட்டும், "செத்துப்போனா உடனே, இல்லைன்னா அடுத்த பஸ்ஸு" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கணக்கோடு தன் கைப்பட ஒரு பக்கம் எழுதி அதிகாரியிடம் கொடுத்தாள். சீட்டைக் கொடுத்தது நான், வண்டியைக் கூப்பிடாதது நானும் டாக்டரும், குடும்பத்தார் மறுக்கவில்லை, முதல் கட்டத்தில் குறி போடுங்கள். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கெட்டவர் அல்ல. மலைக்கு ஒரு சான்று வாங்கித் தந்தால் அதனோடு கருவிகளும் வரும் என்று உண்மையாகவே நம்பியவர். அதைச் சொல்லியும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வார்த்தைதானேம்மா. அந்தப் பொண்ணு வந்து கேக்கப் போகுதா?"

"அவ வரமாட்டா சார். நான் தினம் அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் டூட்டிக்கு வரணும்."

"அப்போ கையெழுத்துப் போட மாட்டீங்க?"

"மாட்டேனுங்க. இப்போ எழுதிக்கங்க சார், நான் மறுத்துட்டேன்னு. இது நெசம்."

நிலையத்துக்குச் சான்று வந்தது. அவளுக்கு மாற்றல் வந்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பிரசவ வார்டு வரவேற்பில் போட்டார்கள். அது தண்டனை என்று நினைத்தவர்கள், மலைச் சீட்டு போய்ச் சேரும் இடத்திலேயே அவளை உட்காரவைத்துவிட்டோம் என்பதை யோசிக்கவில்லை. இரண்டே வாரத்தில் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. முதல் பஸ்ஸில் இறங்கி வரும் மலைப் பெண்களின் சீட்டில் முந்தின நாள் தேதி இருக்கும். நேற்றுத் தேதிச் சீட்டு செல்லாது என்பது அங்கே வழக்கம். புதுச்சீட்டுக்காக அவர்களை வெளிநோயாளி வரிசைக்கு அனுப்புவார்கள். எட்டரைக்கு வந்தவள் வார்டுக்கு வரப் பதினொன்றரை ஆகும். மேலே 'உடனே'. கீழே 'நேற்று'. இரண்டுக்கும் நடுவில் பிபி ஏறிக்கொண்டிருக்கும்.

வார்டின் தலைமைச் செவிலியர் பானுமதி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர், இருபது வருட அனுபவம். இவளை 'மலைக்காரி' என்றுதான் கூப்பிடுவார். இருபது வருடமாக நடப்பது, நீ வந்து மாற்றப்போகிறாயா என்று கேட்டார். கோகிலவாணி வாதாடவில்லை. ஒரே ஒரு பெண்ணுக்கு நீங்களே நேரம் பாருங்கள் என்றாள். பானுமதி விளையாட்டாகத்தான் கைபேசியில் நேரத்தைக் குறித்தார். அன்று வந்த பெண் வரிசையில் நின்றாள், உட்கார்ந்தாள், சுவரில் சாய்ந்தாள். இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் பானுமதி எழுந்துபோய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பிறகு வரவேற்பு மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "இனிமே எந்தத் தேதிச் சீட்டு வந்தாலும் நேரா என்கிட்ட அனுப்புடி மலைக்காரி. எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்றார்.

மேலே அவள் இடத்துக்கு வந்திருந்தவள் ஜெயசுதா. புதியவள், அடிவாரத்துப் பெண். கோகிலவாணி அவளோடு தினமும் போனில் பேசினாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். சேந்தமங்கலத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினார்கள். சீட்டின் பின்புறம் குத்தினால் நான்கு வரி விழும். எந்த வண்டி, ஏறிய நேரம், கூட யார், இறங்கிய நேரம். 'உடனே' என்ற சொல்லை எழுதக் கூடாது. வண்டியில் ஏற்றாமல் சீட்டைக் கையில் கொடுக்கக் கூடாது. மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு, அதற்கு ஏற்பாடு செய்த பிறகுதான் போகச் சொல்ல வேண்டும். ஏற்றியதும் கீழே போன். 'மறுத்தார்' என்ற கட்டமே கிடையாது.

அரசாங்கச் சீட்டில் அனுமதியில்லாத முத்திரை குத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கோகிலவாணிக்குக் கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் மலையிலிருந்து இறங்கிய இருபத்தொன்பது பெண்களின் நேரத்தை வரிசையாக எழுதி, இதுதான் விளக்கம் என்று அனுப்பினாள். இரண்டாவது கடிதம் வந்தது. முப்பத்தெட்டு பெண்களின் நேரத்தை அனுப்பினாள். மூன்றாவது கடிதம் வரவில்லை. அதற்குப் பதில், அன்று விசாரணைக்கு வந்த அதே அதிகாரி போனில் வந்தார். மற்ற மலை நிலையங்களுக்கும் போய் இதைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மாவட்டக் கூட்டத்தில் இதை அவர் தன் முயற்சியாக ஏற்கெனவே படம் போட்டுக் காட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"வாரேனுங்க சார். அம்சவேணி படிவத்தைத் திறந்து அந்த வரியை மாத்துங்க. மாத்தின அன்னைக்கு வாரேன்."

முடித்த கோப்பைத் திறக்க முடியாது என்றார். அப்படியானால் நானும் வர முடியாது என்றாள். பானுமதி தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தத் தடவை உன்னை எங்கே தூக்கிப் போடுவார்களோ என்றார். இதற்குக் கீழே பள்ளம் இல்லை அக்கா, இனி மேலேதான் போடணும் என்று கோகிலவாணி சொன்னாள்.

ஐந்து வாரம் ஆனது. வரியை மாற்ற வைத்தது யார் என்று கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. டாக்டர் மணிவண்ணன் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார் என்று மட்டும் ஜெயசுதா சொன்னாள். புது வரி இப்படி இருந்தது: 'குடும்பத்தார் மறுக்கவில்லை. அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தனர். வாகனம் ஏற்பாடு செய்யாதது நிலையத்தின் தவறு.' அதன் நகலோடு கோகிலவாணி மலையேறினாள். சின்னுசாமி மரவள்ளிக் காட்டில் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இதை மொதல்லயே எழுதியிருக்கலாமுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

பிறகு அவள் வேறு மலைகளுக்கெல்லாம் போனாள். அங்கங்கே 'உடனே' என்றால் என்ன என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் முத்திரையை வெளியே எடுத்தாள். ஓர் ஊரில் 'சந்தை முடிஞ்சதும்' என்றார்கள். இன்னோர் ஊரில் 'தம்பி வந்ததும்' என்றார்கள். சொந்த மலைக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை. மாதம் இரண்டு முறை பூபதியே பஸ் ஏறி வந்தான், பலாச்சுளையும் ஊர்க்கதையுமாக.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, வார்டில் அவள் பணியிலிருந்தபோது ஜெயசுதாவிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது:

"அக்கா, கண்ணாயின்னு ஒரு அம்மா. ஒன்பதாம் மாசம், பிபி அதிகம். வண்டி வாசல்ல நிக்குது. புள்ளையைப் பாத்துக்க ஆள் இருக்கு, ஊட்டுக்காரரும் சரிங்கறாரு. ஆனா இவங்க நெசமாவே மறுக்கறாங்க. போன பிரசவத்துல வலி தாங்காம கத்தினதுக்கு உங்க வார்டுல தொடையிலயே அடிச்சாங்களாம். அங்க இன்னைக்கு யாரு இருக்காங்கன்னு கேக்கறாங்க. நம்ம ஸ்டாம்புல இதுக்கு இடமே இல்லையேக்கா. நான் எங்க எழுதட்டும்? இவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"