மரக்கழுதைக்கு வடம் பிடித்தவர்

பெரிய வியாழனன்று காலை விடுதித் தொலைபேசியில் சோமலிங்கம் அண்ணையின் மகள் ரஞ்சினி பேசினாள். "அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார், அண்ணை." எனக்கு அழக்கூடக் களைப்பாக இருந்தது. ஜேர்மனியில் எர்லாங்கனுக்கு அப்பால் ஓர் அகதி விடுதியில் சோமலிங்கம் அண்ணையும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவருக்குப் பின் தனியே வந்து சேர்ந்த மகள் ரஞ்சினியை அடுத்த மாவட்டத்து விடுதியில் போட்டார்கள். அனுமதியில்லாமல் அகதிகள் மாவட்ட எல்லை தாண்டக் கூடாது. நடுவில் ஒரு சின்ன ஆறு, அதன்மேல் ஒரு பாலம். அவ்வளவுதான் தூரம். அனுமதி கேட்டு அந்த்ராக் என்ற விண்ணப்பம் எழுதி எழுதி அண்ணை அலுத்துப்போனார்.

ஊர்த் தேவாலயத்தில் ஐந்நூறு ஆண்டுப் பழைய மரச்சிற்பம் ஒன்று உண்டு. லிண்டன் மரத்தில் செதுக்கிய கழுதை, அதன்மேல் யேசுநாதர், அடியில் சில்லுப் பூட்டிய பலகை. குருத்தோலை ஞாயிறன்று கயிறு கட்டி, பாலத்துக்கு அப்பாலுள்ள சிற்றாலயம் வரை இழுத்துப்போய்த் திரும்புவார்கள். முதல் தடவை அண்ணை யேசுவை விட்டுவிட்டுக் கழுதையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "செதுக்கினவன் களைப்பை அறிஞ்சவன், தம்பி" என்றார்.

பிறகு சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தார். "வடம் பிடிக்கிறவன் சப்பாத்தோடை நிக்கலாமோ?" பனி விட்டும் விடாத பங்குனிக் குளிர். ஏதோ நேர்த்தி என்று நினைத்து ஊர்க் கிழவிகள் உருகிப்போய் வழிவிட்டார்கள். பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் சிற்பத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்; வடம் பிடித்தவரை ஒன்றும் கேட்கவில்லை. அப்பால் ரஞ்சினி நின்றாள். திரும்பும்போது பாலம் வரை அவளும் கூடப் பிடித்தாள். பாலத்தில் விட்டாள். வருடா வருடம் இப்படித்தான். "கழுதைக்கு விசா கேக்க மாட்டினம்" என்று அண்ணை சிரிப்பார்.

இம்முறை நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் வந்து பார்க்கப் போட்ட அந்த்ராக்குக்குப் பதில் இல்லை. "நீர் போய்ப் பிடியும், தம்பி. பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்" என்றார். வெறுங்காலோடு போனேன். விஷயத்தைச் சொன்னதும் ரஞ்சினியும் சப்பாத்தைக் கழற்றினாள். பாலம் வந்தது, அவள் வடத்தை விடவில்லை. பொலிஸ்காரர் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றினார்.

கட்டிலருகே போய் நின்றவளிடம், "கால் விறைச்சுப்போச்சோ, பிள்ளை?" என்றுதான் அண்ணை முதலில் கேட்டார். கடைசிவரை அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

தகனம் முடிந்து அவள் தன் விடுதிக்குத் திரும்பியபோது, வருத்தமாயிருக்கும் தகப்பனைப் பார்த்துவர அனுமதி தந்து கடிதம் வந்து கிடந்ததாம்.

அண்ணையின் சப்பாத்து என் கட்டிலடியில் இருக்கிறது. அடுத்த குருத்தோலை ஞாயிறன்று அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போவேன். வாசலில் கழற்றிவிடுவேன்.