நெக்லிஜென்ட் என்று எழுதினேன்

இங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. இங்கிலாந்துக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. தவறு நடந்தால் குரல்கள் தணிகின்றன. மேசைக்கு ஒரு படிவம் வருகிறது. எங்கள் ஜெயமங்கலத்தில் வாழைத்தார் லோடு சரிந்தால் மேஸ்திரி போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். டீ வந்ததும் அவரே, "ஏலே, மூஞ்சியத் தூக்காம வடையத் தின்னு" என்பார். அத்தோடு முடிந்தது.

போன வாரம், என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் மோரீன், ஒரு முதியவரின் கட்டிலில் பக்கத் தடுப்பை ஏற்றிவிட மறந்துவிட்டார். முதியவர் சரிந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பார்த்தவன் நான். "உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்" என்று மேலாளர் படிவத்தைத் தந்தார்.

எழுதுவது எனக்குப் புதிதா? எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கே மனு எழுதுபவன். பட்டா, ரேஷன் கார்டு, குடிதண்ணீர் எல்லாமே என் கையெழுத்தில்தான் போகும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உறைக்கப் போடுப்பா. லேசா எழுதுனா அங்கன ஒருத்தரும் அசைய மாட்டாக" என்பார். 'தண்ணீர் வரவில்லை' என்ற மனு தூங்கும். 'உயிர் ஊசலாடுகிறது' என்றால்தான் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தக் கையோடுதான் எழுதினேன்: மோரீன் நெக்லிஜென்டாக இருந்தார். ஆங்கிலத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சொல். கவனக்குறைவான, அசட்டையான என்று அகராதியில் இருந்தது. கவனக்குறைவு என்று எங்கள் வாத்தியார் வகுப்பில் பாதிப் பேருடைய நோட்டில் எழுதுவார். மேலாளர் படித்துவிட்டு, "உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மோரீன் வரவில்லை. விசாரணை முடியும்வரை வரக்கூடாதாம். அந்த வார இறுதியில் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன்.

"நான் மறந்தேன். அதை எழுதியிருந்தால் சரி. இந்தச் சொல் இங்கே சட்டப்படி ஒரு குற்றச்சாட்டு; அது நிலைத்துவிட்டால் எந்த இல்லத்திலும் எனக்கு வேலை கிடைக்காது. தெரிந்துதான் எழுதினாயா?"

"அர்த்தம் தெரியும்..." என்று ஆரம்பித்தேன். அகராதி அர்த்தம்தான் தெரியும், அதன் எடை தெரியாது என்று சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் அதைக் கோப்பதற்குள் அவர் பேருந்தில் ஏறிவிட்டார்.

மேலாளரிடம் போய் அந்தச் சொல்லை அடித்துவிடக் கேட்டேன். "எழுதியதை அடிக்க முடியாது. இன்னொரு கூற்று தரலாம். ஆனால், முதலில் எழுதியது பொய்யா என்று உங்களைத்தான் கேட்பார்கள்" என்றார். இந்த வேலையை நம்பித்தான் என் விசா இருக்கிறது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

இன்று காலை அப்பா போனில் வந்தார். தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லையாம்.

"கலெக்டருக்கு ஒரு மனு எழுதி போட்டோ புடிச்சு அனுப்புப்பா. நல்லா உறைக்கட்டும்."

"உள்ளதை மட்டும் எழுதுனாப் போதாதாப்பா?"

"என்னலே, இங்கிலீசு படிச்சுத் தமிழ் மறந்துபோச்சா?" என்று சிரித்தார்.

இப்போது என் மேசையில் இரண்டு தாள்கள். ஆங்கிலத் தாளில், மோரீன் மறந்துவிட்டார், நான் எழுதிய சொல் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தமிழ்த் தாளில் 'தண்ணீர் வரவில்லை' என்பதோடு நிற்கிறது. அடுத்த சொல்லுக்குக் கை போக மாட்டேன் என்கிறது.