மன்னிப்புக் கேட்காத கோகிலவாணி

கோகிலவாணி ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று ஒரு மோட்டார் சைக்கிளிடம் மன்னிப்புக் கேட்டுவந்தாள். நான் கதை அளக்கவில்லை. மோகனூருக்கு மேற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அவள் வீடு. மாட்டுக் கொட்டகையின் மூலையில் பழைய பி.எஸ்.ஏ. வண்டி ஒன்று நின்றது. உலகப் போருக்காக இங்கிலாந்தில் செய்தது. பட்டாளம் கழித்துப்போட்ட பிறகு பல கை மாறி, கடைசியில் அவள் கணவன் நவநீதகிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தது. அதன் முன்சக்கரத்தில் சேவலை அறுத்து இரத்தம் விடுவார்கள். அவள் ஈரப் புடவையோடு நின்று, "தெரியாமச் சொல்லிப்போட்டேன், பொறுத்துக்க சாமி" என்று கும்பிட வேண்டும். அவள் கும்பிட்டு முடித்தால்தான் சேவல் அடுப்புக்குப் போகும்.

அவள் செய்த குற்றம் இதுதான். லாரி வாங்கினாலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வாங்கினாலும் முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரத்தில் காவு கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பி.எஸ்.ஏ. வந்து இறங்கிய அன்று நவநீதகிருஷ்ணனின் அண்ணன் சின்னுசாமியும் ஒரு சேவலோடு வந்தார். "இரும்புக்கு எதுக்குங்க மாமா ரத்தம்? துருத்தான் புடிக்கும்" என்றாள் கோகிலவாணி. கணவன் சிரித்தான். சேவல் தப்பியது.

அந்த மாதம் முடியவில்லை. மோகனூர் சாலையில், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் நின்ற கரும்பு டிரெய்லரில் மோதி நவநீதகிருஷ்ணன் இறந்தான்.

விளக்கு இல்லாமல் ஏன் நிறுத்தினாய் என்று டிரெய்லர்காரனை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. காவு கொடுக்காத வண்டி தானாகவே காவு வாங்கிக்கொண்டது என்றார்கள். தடுத்தவள் யார்? அவள். வழக்கு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் சாவு வீட்டுப் பந்தலிலேயே முடிந்தன. நம் நாட்டில் இவ்வளவு வேகமாக வேறு எந்த வழக்கும் முடிவதில்லை. குற்றவாளி பெண்ணாக இருந்துவிட்டால் வாய்தாகூடக் கிடையாது.

பத்து வருடத்துக்கு மேல் அவள் கும்பிட்டாள். நம்பிக் கும்பிட்டாளா என்றால் இல்லை. கைக்குழந்தைக்காரிக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டும், பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் வேண்டும், பங்காளிகளின் தயவு வேண்டும். வயிற்றுப்பாட்டைக் காட்டித்தான் இங்கே பாதிப் பக்தி வளர்க்கப்படுகிறது.

இந்த ஆண்டு சித்திரையில் சின்னுசாமி வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, இந்த ஆடிக்குத் தமிழினியும் உங்கூட நிக்கட்டும். வயசுக்கு வந்த புள்ள. பாவம் அவ தலையில எறங்கப்படாது. ரெண்டு பேருமாச் சேந்து கேட்டுப்போடுங்க."

"அவ என்னங்க மாமா பண்ணுனா? அவ அப்பத் தொட்டில்ல கெடந்தா."

"உம்பட வயித்துல பொறந்தாளல்ல?"

கோகிலவாணி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். தான் கும்பிட்டதைத் தண்ணீருக்கும் ஆளுக்கும் கொடுக்கும் கூலியாக நினைத்து இத்தனை நாள் பொறுத்திருந்தாள். மகளையும் அந்தச் சக்கரத்தின் முன்னால் நிறுத்துவது என்றால் அது வேறு. மறுநாள் சேலம் அம்மாபேட்டையில் பழைய புல்லட்டுகளைப் பிரித்துப் பூட்டும் மாதையனுக்குப் போன் செய்தாள். வண்டியை ஓட வைக்க வேண்டும். ஓடுகிற வண்டியை யாரும் கும்பிட முடியாது, அது நிற்காது.

மாதையன் பேச்சுக்காரன். கொட்டகையில் நுழைந்ததும் செருப்பைக் கழற்றினான்.

"அக்கா, இது எம்-ட்வெண்டி! மெட்ராஸ்ல இத வச்சிருக்கறவன் கார ஊட்டுக்கு வெளிய நிறுத்திட்டு இத உள்ள நிறுத்துவான். ஆனா பேரு கெட்ட வண்டிங்கறாங்களே. ஒரு எலுமிச்சம்பழம் கெடைக்குமா? முன்னாடி வச்சுட்டுக் கைய வைக்கறேன்."

அவள் பழத்தை எடுத்து வந்தாள். இரண்டாக அறுத்தாள். செம்பில் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி நீட்டினாள். "குடிச்சுப்போட்டு ஆரம்பிங்க. வெயிலுக்கு நல்லது."

வண்டியின் நிலைமை பரிதாபம். மற்ற இடங்களில் பழுப்பேறியிருந்ததே தவிர இரும்பு கெட்டியாக இருந்தது. முன்சக்கரம் மட்டும் அரித்துப்போயிருந்தது. மஞ்சள் தண்ணீரும் இரத்தமும் வருடா வருடம் ஊறிய ரிம்மில் கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன. கும்பிட்ட இடம்தான் முதலில் கெட்டது. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தது. பிளக் துளை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஊற விட்டார்கள். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை மாதையன் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சுருள் சுற்றி வாங்கிவந்தான். கியர் மிதி கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதைச் சூடேற்றி நிமிர்த்தினான். முன்சக்கரத்துக்கு வேறு ரிம்மும் கம்பிகளும் பூட்டினான். ஞாயிறுதோறும் அவன் வருவான். மற்ற நாட்களில் கோகிலவாணி மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாகத் துடைத்தாள்.

சின்னுசாமி வேலிக்கு வெளியே நின்று கத்தினார். "சாமி காரியத்துல கைய வைக்காத! தம்பிய முழுங்குனது பத்தாதா?"

"ஆர்.சி. புத்தகத்துல எம்பேரு இருக்குதுங்க மாமா. சாமி பேரு இருந்தா எடுத்துட்டு வாங்க, குடுத்தர்றேன்."

வைகாசி கடைசியில் வண்டி உயிர் பெற்றது. மாதையன் உதைக்க உதைக்க இருமியது, ஒருமுறை அவன் காலைத் திருப்பி உதைத்தது, பிறகு தட்-தட்-தட்டென்று ஒரே சீராகப் பேசத் தொடங்கியது. மாடுகள் கயிற்றை இழுத்தன. கோகிலவாணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னங் கொஞ்சம் முறுக்குங்க, அந்த வேலி வரைக்கும் கேக்கட்டும்" என்றாள்.

மாதையன் வண்டிப் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனான். போகும்போது நன்றாகத்தான் போனான். திரும்பும்போது குறுக்கே ஓர் ஆடு ஓடியது. வண்டி நிற்காமல் வாய்க்கால் மேட்டில் ஏறி அவனைச் சேற்றில் தள்ளியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"காவு கேக்குதுக்கா! பிரேக்க மிதிச்சேன், கேக்கவே இல்ல! நான் இனி இதுல ஏற மாட்டேன்!"

கோகிலவாணி அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதையா, எந்தக் கால்ல மிதிச்சீங்க?"

"இதுலதான்." வலது காலைக் காட்டினான். காட்டிய கையோடு வாயைப் பிளந்தான்.

இன்றைய வண்டிகளுக்கெல்லாம் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். இந்த வண்டிக்கு நேர்மாறு. பழைய புல்லட்டுக்கும் அப்படித்தான், மாதையனுக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆடு குறுக்கே வரும்போது மூளையா மிதிக்கிறது?

அவள் அதோடு விடவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அவனை மேலே உட்கார வைத்தாள். கறவை எத்தனை லிட்டர், அம்மாபேட்டையில் தறி ஓடுகிறதா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று "ஆடு!" என்று கத்தினாள். வலது கால் மிதித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கத்தினாள். மறுபடியும் வலது கால்.

"அந்தக் கியர் மிதி எப்படி வளைஞ்சிருந்துது?"

"விழுந்ததுல வளைஞ்சிருக்கும்க்கா."

"அவரு மோதுனப்ப வண்டி எடப்பக்கமா உழுந்துச்சு. கீறலெல்லாம் அந்தப் பக்கந்தான் இருக்குது. மிதி வலப்பக்கம்."

மாதையன் இறங்கி அந்த மிதியைத் தடவிப் பார்த்தான்.

நவநீதகிருஷ்ணன் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து சாதாரணப் பைக் ஓட்டியவன். இருட்டில் டிரெய்லர் தெரிந்தவுடன் உயிரையெல்லாம் வலது காலில் திரட்டி மிதித்திருக்கிறான். கியர்தான் மாறியது. இரும்பு வளையும் அளவுக்கு மிதித்திருக்கிறான். அவன் நிறுத்தப் பார்த்தான். பேயும் இல்லை, காவும் இல்லை. வழக்கப்பட்ட ஒரு காலும், விளக்கில்லாத ஒரு டிரெய்லரும்தான். கோகிலவாணி அந்த மிதியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பத்து வருடத்தில் அவள் குற்றவாளியாக இல்லாமல், வெறும் மனைவியாக அழுதது அப்போதுதான்.

பிறகு, "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"நீங்களாக்கா?"

"நான் ஸ்கூட்டி ஓட்டறவ. கையிலதான் பிரேக்கு. எனக்கு எந்தக் காலும் பழக்கமில்லீங்க. எடக்கால்னு சொன்னா எடக்காலு."

உண்மையும் அதுதான். மறக்க வேண்டியது எதுவும் இல்லாதவள் சீக்கிரம் கற்றாள். கரும்பு வெட்டிய காட்டில் விழுந்து எழுந்து, முழங்கை சிராய்த்து, பிறகு தார்ச்சாலையில் ஓட்டினாள். உரிமமும் எடுத்தாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காவிரியில் குளித்துவிட்டுப் பங்காளிகள் கொட்டகை முன்னால் கூடினார்கள். சின்னுசாமியின் கக்கத்தில் சேவல். வண்டியின் இடம் காலியாக இருந்தது. தட்-தட்-தட்டென்று சத்தம் சாலையிலிருந்து வந்தது. கோகிலவாணி ஓட்டிவந்தாள், பின்னால் தமிழினி. வாசலில் நேராக நிறுத்தினாள்.

"நல்ல நேரம் போவுது. வண்டிய உள்ள உட்டுப்போட்டு ரெண்டு பேரும் வந்து நில்லுங்க" என்றார் சின்னுசாமி.

"நிக்க மாட்டமுங்க மாமா."

அவள் இறங்காமலே சொன்னாள்: மிதி, கால், டிரெய்லர், எல்லாவற்றையும். ஒரு பங்காளி சிரித்தார். "பொம்பள கண்டுபுடிச்சுட்டா பாரு! போலீசுக்கே தெரியல."

"போலீசு வண்டியப் பாக்கலீங்க. என்னைத்தான் பாத்தாங்க. நம்பிக்கை இல்லீன்னா ஏறி ஓட்டிப் பாருங்க. நான் குறுக்க வந்து நிக்கறேன்."

யாரும் ஏறவில்லை.

"அப்பக் கொண்டாந்த சாவல என்ன பண்றது?" என்றார் சின்னுசாமி. குரல் இறங்கியிருந்தது.

"கொழம்பு வைங்க. எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்புங்க. வண்டி மேல மட்டும் ஒரு சொட்டுப் படப்படாது."

"பொறுத்துக்க சாமின்னு ஒரு வார்த்த சொல்றதுல என்னம்மிணி கொறஞ்சு போச்சு?"

"அதத்தானுங்க மாமா நானும் கேக்கறேன். இத்தன வருசம் என்னை ஈரத்துணியோட நிக்க வச்சீங்க. இன்னிக்கு இவளையும் நிக்கச் சொன்னீங்க. ஒரு வார்த்த, நீங்க சொல்லுங்க."

சின்னுசாமி சேவலோடு திரும்பிப் போனார்.

இப்போது ஊரில் புதுக்கதை ஓடுகிறது. இத்தனை வருடம் கொடுத்த சேவல்களில் வண்டியின் கோபம் தணிந்துவிட்டதாம். அதனால்தான் அவளை ஒன்றும் செய்யவில்லையாம். மூடநம்பிக்கைக்குத் தோல்வி என்பதே கிடையாது. வெட்டிய இடத்திலேயே அடுத்த கிளை விடும். கோகிலவாணியிடம் இதைச் சொன்னால் தோளைக் குலுக்குகிறாள். கிணற்று முறைத் தண்ணீரை இரண்டு முறை அடைத்துப் பார்த்தார்கள்; தாசில்தார் அலுவலகத்துக்கு அந்த வண்டியிலேயே போய் மனுக் கொடுத்தாள். தண்ணீர் வந்தது.

சின்னுசாமி எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டுகிறாள். நலம் விசாரிக்கிறாள். புறப்படும் முன் மறக்காமல் ஒன்று சொல்கிறாள்:

"நீங்க இன்னம் அந்த வார்த்தையச் சொல்லலீங்க மாமா."