வாய் மூடி ஓடுகிறவள்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்கை அழுத்திப் பிடித்தன. தோள்கள் ஒருமுறை குலுங்கின. கண்ணில் நீர் கட்டியது. அவ்வளவுதான், தும்மல் உள்ளேயே அடங்கிவிட்டது. அவள் ஊசியை எடுத்து, மெத்தையின் விளிம்பில் விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

மெத்தைக் கூடத்தில் தும்மாதவர் கிடையாது. பஞ்சடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் சன்னல் வெளிச்சம் முழுக்கத் தூசு மிதக்கும். பஞ்சடிப்பவர் தும்மினால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். உறை தைக்கும் பெண்ணுக்கு வரிசையாக ஐந்து வரும். ஐந்தாவது முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். இவளுக்கு மட்டும் சத்தமே இல்லை.

"காசா பணமா, ஒரு தடவ வாய்விட்டுத் தும்முங்களேன்க்கா. பூனை கூட இதவிடப் பலமாத் தும்மும்" என்பாள் உறை தைப்பவள்.

"பழகிடுச்சு" என்பாள் இவள்.

வீட்டிலும் அப்படித்தான். தாழ்ப்பாள் விழுவது கேட்காது, பாத்திரம் வைப்பது கேட்காது. "எப்ப வந்து பின்னால நிக்கிறேன்னே தெரியலம்மா, உயிரே போகுது" என்று மகள் அவளுடைய சாவிக்கொத்தில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டாள். மறுநாள் இவள் மணிக்குள் பஞ்சை அடைத்துவிட்டாள்.

அவளை ஓட்டத்துக்கு இழுத்து வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஐந்து வருடங்களுக்கு முன், விட்டுப்போன பஸ்ஸை அவள் அடுத்த நிறுத்தத்தில் ஓடிப் பிடித்தாள். படியில் ஏறியபோது மூச்சு வாங்கவில்லை. "ஏம்மா, வயசென்ன உனக்கு?" என்றார். "நாப்பது சார், டிக்கெட் குடுங்க." அவர் காலையில் பள்ளி மைதானத்தில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுப்பவர். மறுவாரம் அவள் பதினோராவது ஆள்.

மைதானத்திலும் வாயை மூடிக்கொண்டேதான் ஓடினாள். எல்லாரும் நாயைப்போல இரைக்கும்போது இவள் மூக்கால் மட்டும் இழுத்து மூக்கால் விடுவாள். முதல் மூவாயிரம் மீட்டருக்கு அது போதும். அதற்குமேல் காற்று பத்தாது.

"வாயத் தெற! பூட்டிட்டுச் சாவிய எங்க வச்சே?" என்று கண்டக்டர் கோட்டோரமாகக் கூடவே ஓடிக் கத்துவார். அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஏனென்று அவரிடம் ஒரே ஒருமுறை சொன்னாள், ஷூ நாடாவைக் கட்டியபடி. அப்போது அவளுக்குப் பதின்மூன்று. அவள் வீட்டில் பேசிய மொழியைப் பேசுகிறவர்களின் வீடுகளை அந்த ஊரில் தேடித் தேடிக் கொளுத்திய நாள். அவளும் அண்ணனும் ஒரு கடையின் பின்னறையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார்கள். தடிகளோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாவது இருமல் வருமுன் அவனாகவே எழுந்து வெளியே போனான். அவர்கள் அவனை இழுத்துப் போனார்கள்; மூட்டைகளைப் புரட்டிப் பார்க்கவில்லை. இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தாள். பிறகு ஊரைவிட்டு ஓடினாள்.

இந்த வருடம் நாற்பத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கான தேசியப் போட்டி அந்த ஊரில்தான். ஐயாயிரம் மீட்டரை இருபத்திரண்டு நிமிடத்துக்குள் முடித்தால் அணியில் இடம். மூன்று தேர்வுகளில் நான்கு வினாடி, ஒன்பது வினாடி, மூன்று வினாடி என்று தவறவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடப்பது கடைசித் தேர்வு.

"அங்கயா போகணும்?" என்றார் கணவர்.

"அந்த ஊர்ல ஏற்கெனவே ஒரு தடவ ஓடியிருக்கேன். அன்னிக்கு யாரும் டைம் குறிக்கல."

பன்னிரண்டரைச் சுற்று. எட்டாவதுவரை சரியாகப் போனாள். ஒன்பதாவதில் நெஞ்சு இறுகியது. பத்தாவதில், தோளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெண் இருமினாள்.

அவளுக்கு உடம்பு முழுவதும் பூட்டிக்கொண்டது. உதடுகள் பல்லோடு ஒட்டின. கால்கள் மட்டும் ஓடின. காது பின்னால் இருந்தது, அடுத்த இருமலுக்காக.

இரண்டாவது இருமலும் வந்தது. மூன்றாவதும் வந்தது. இருமியவள் காறித் துப்பிவிட்டு, "சனியன் பிடிச்ச தூசு" என்று திட்டியபடி ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது வாய் திறந்தது. உள்ளே போன காற்று ரம்பம் அறுப்பதுபோல ஓசையிட்டது. வெளியே வந்தபோது அது மூச்சாக இல்லை, அலறலாக இருந்தது. கோட்டோரத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் கத்துவதை நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த இரண்டரைச் சுற்றிலும் ஒவ்வொரு அடிக்கும் அவள் சத்தம் போட்டாள்.

இருபத்தொரு நிமிடம், ஐம்பத்தெட்டு வினாடி.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள். முதலாளியிடம் அடுத்த மாதம் நான்கு நாள் லீவு கேட்டாள், மூன்று கிடைத்தது. தொண்டை கட்டியிருந்ததால் அதிகம் பேசவில்லை. மதியத்துக்குள் இரண்டு மெத்தை முடித்தாள். சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைத் தொடங்கினாள். மூன்று மணிக்குப் பஞ்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. சற்று நேரத்தில் கூடத்தில் ஒரு தும்மல் வெடித்தது. பஞ்சடிப்பவருடையது அல்ல, உறை தைப்பவளுடையதும் அல்ல. பஞ்சடிப்பவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாருப்பா அது?" என்றார்.

அவள் ஊசி பிடித்திருந்த கையைத் தூக்கிக் காட்டினாள்.